முந்நூறும் முந்நூறும் ஒன்றா?

மழையில் நனைந்த செருப்புக் குவியலின் வாசம்... உள்ளே கால் வைத்தால் சில்லென்று டைல்ஸ்.

பிளஸ் டூ என்றாலே எனக்குக் கம்ப்யூட்டர் லேப் வாசல்தான் மக்களே.

எங்கள் ஸ்கூலில் செருப்போடு லேபுக்குள் போகக் கூடாது. பெல் அடித்தால் எவள் செருப்பு எவள் காலில் போகும் என்று அந்தச் செருப்புக்கே தெரியாது.

நானும் தென்னூர் பர்வீனும் ஒரே கடையில், ஒரே சைஸில், ஒரே நீலத்தில் வாங்கியிருந்தோம். நான் சும்மா இருப்பேனா? ஒருநாள் என்னுடையதை அவள் இடத்தில் வைத்துவிட்டு, அவளுடையதை மாட்டிக்கொண்டு அப்பாவியாக நின்றேன். கால் விட்ட உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"கழட்டுடி. அது என்னோடது."

"ரெண்டும் ஒண்ணுதானடி?"

"ஒரே மாதிரிடி. ஒண்ணு இல்ல."

அந்தக் கடுப்பில்தான் எக்ஸிபிஷனுக்கு செருப்பு டோக்கன் ப்ரோக்ராம் எழுதினாள், பைத்தானில். செருப்பை விடும்போது ஒரு நம்பர். திரும்பி வந்து அதே நம்பரைச் சொன்னால் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று காட்டும்.

எனக்கு விளையாட்டு, அவளுக்கு அப்படியில்லை. ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் அவள் அத்தா, மகளுக்கு பி.காம். என்று முடிவே செய்திருந்தார். இதைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி யோசிக்கலாம் என்று எக்ஸிபிஷன் அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

12 போட்டாள். சரி. 200... அதுவும் சரி.

"முந்நூறு போட்டுப் பாரும்மா" என்றார் அத்தா.

'உங்கள் செருப்பு இல்லை' என்றது திரை. கொடுத்ததும் 300, கேட்டதும் 300!

பர்வீன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே ஜோக் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் கிடந்த எங்கள் இரண்டு நீல ஜோடிகளும் கண்ணில் பட்டன. அவள் காதில் சொன்னேன்: "செருப்புக்குக் கேக்க வேண்டியத நம்பருக்குக் கேட்டுட்டியாடி?"

ஒரு நொடி முழித்தாள். அப்புறம் is என்று இருந்த இடத்தில் == போட்டாள். 300 பாஸ்.

"என்னம்மா மாத்துன?"

"ரெண்டு நம்பரும் சமமான்னு கேக்கணும் அத்தா. நான் ரெண்டும் ஒரே பொருளான்னு கேட்டுட்டேன்."

"அப்ப இருநூறு மட்டும் எப்படி வந்துச்சு?"

"நம்ம கடை மாதிரிதான். சின்ன சைஸ் ரெடியா தொங்கும், யார் கேட்டாலும் அதையே காட்டுவீங்க. பெரிய சைஸ்னா கேக்கக் கேக்கப் புதுசா தச்சுத் தருவீங்கல்ல? பைத்தானும் 256 வரைக்கும் ரெடியா வச்சிருக்கு."

வாசலில் செருப்பை மாட்டும்போது அத்தா என்னைப் பார்த்தார்.

"நீயும் அந்தப் படிப்புதானாம்மா?"

"ஆமா அங்கிள்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டு வாங்க."

இப்போது ஒரே காலேஜ், ஒரே பஸ். இங்கே லேபுக்குள் செருப்போடே போகலாம். குவியல் இல்லை, குழப்பம் இல்லை... கொஞ்சம் போர்தான்.

போன மாதம் மறுபடி ஒரே மாதிரி வாங்கினோம். பர்வீன் உஷாராகித் தன் செருப்பின் அடியில் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டாள். நேற்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அவள் கை கழுவும் நேரத்தில் என்னுடையதிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் வேடிக்கை பார்க்க நின்றேன். அவள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே கால் விட்டாள்.

அவளுடையதில்தான்.