குகதாசனின் இடது காது

புத்தூர்ப் பக்கத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின் நின்றுபோனால் குகதாசனைத்தான் கூப்பிடுவார்கள். வந்த உடனே அவர் எதையும் கழற்றமாட்டார். ஒருதரம் ஓடவிட்டுத் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார். "பெயாரிங் போட்டுது" என்றோ "எங்கையோ காத்து இழுக்குது" என்றோ சொல்லிவிட்டுத்தான் திருகுசாவியைக் கையில் எடுப்பார். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் காது பிழைவிட்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

அவருடைய உயிர் இருந்தது நாதஸ்வரத்தில். எந்தக் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் சேரும் மேளச்சமா என்றாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். 'மேளச்சமா' என்றே பெயர் வைத்த வட்ஸ்அப் குழு ஒன்றும் இருந்தது. கொடிகாமத்திலிருந்து கனடா வரைக்கும் அறுபது பேர். யாராவது பழைய ஒலிநாடாவில் இருந்து பத்து நொடி அனுப்பி இது யார் என்று கேட்டால், வாசித்தவர் பெயரோடு கோயிலையும் சேர்த்துச் சொல்வார் குகதாசன். அவர் சொன்ன பிறகு அதில் வாதம் இல்லை.

போன சித்திரையில் ஒருநாள் காலை, லூர்த்தம்மா ரீச்சர் அந்தக் குழுவில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். சாவகச்சேரியில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வீதிக்கு மேளம் கேட்க வருகிற மனுசி. நாதஸ்வர வித்துவான் வரணி சோமாஸ்கந்தரின் ஒரே இசைத்தட்டு, முந்நூறு தட்டுக்கு மேல் அச்சாகாதது, பலர் இல்லையென்றே நினைத்திருந்தது, காலமான அண்ணரின் பெட்டியில் அவருக்குக் கிடைத்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தோடி ராகம். குழு கொந்தளித்துப் போனது. கனடாக்காரர் ஒருவர் வேலைக்குப் போகாமல் மூன்று தரம் கேட்டதாக எழுதினார். அந்தக் கிழமையே இன்னொரு செய்தியும் வந்தது: வரணியாரின் மகன் வைகாசியில் கீரிமலையில் வாசிக்கப் போகிறாராம்.

குகதாசன் அப்போது ஒரு வெங்காயத் தோட்டத்து வரம்பில் குந்தியிருந்தார். அவருடைய இயர்போனில் வலது பக்கத்துக் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. இடது பக்கத்தை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முதல் மூச்சிலேயே முகம் சுருங்கியது.

குரல் பதிவு போட்டார். "ரீச்சர், குறை நினையாதேங்கோ. உது வேகம் குறைச்சு ஏத்தியிருக்கு. வரணியார் ரண்டரைக் கட்டைச் சுருதியிலைதான் வாசிக்கிறவர். உது அரைக் கட்டை இறங்கிக் கிடக்கு."

ரீச்சரின் பதில் உடனே வந்தது. "தம்பி, நான் சுருதிப் பெட்டியோடை வைச்சுப் பாத்துத்தான் அனுப்பினனான். ரண்டரை சரியா நிக்குது."

கொடிகாமத்து மார்க்கண்டு, தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடச் சிநேகிதர், அவரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். இன்னும் நாலு பேர் சரி என்றார்கள். குகதாசன் மறுபடி கேட்டார். இறங்கித்தான் கிடந்தது. தனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்பது இவர்களுக்கு ஏன் கேட்கவில்லை? கோபத்தில் எழுதினார்: "காது இல்லாத ஆக்களோடை என்னத்தைக் கதைக்கிறது?"

அதற்குப் பிறகு ரீச்சர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

வீட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழும்பிப் போய்க் குழாயைப் பார்ப்பார். "பைப்பு பூட்டேல்லையே? தண்ணி போற சத்தம் கேக்குது." மனைவி பிரசாந்தி முதல் இரண்டு தரம் சிரித்தாள். மூன்றாம் தரம் சிரிக்கவில்லை. அவர் தோட்ட வரம்பில் நடக்கும்போது இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போவதையும் அவள் கண்டிருந்தாள்.

"என்னப்பா, ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுவமே?"

"சும்மா இரும். வேலைக் களைப்பு."

பக்கத்துத் தோட்டத்து முத்துக்குமாருவின் மிசினை அந்த மாதம் மூன்று தரம் பிரித்தார். கரகரக்கிறது என்று புதுப் பெயாரிங் போட்டார். பிறகும் கரகரத்தது. முத்துக்குமாரு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணை, எனக்கெண்டால் நல்லாத்தான் ஓடுது போலை கிடக்கு." அடுத்த தரம் அவர் கூப்பிட்டது வேறொருவரை. குகதாசன் அதைத் தெருவால் போகும்போது கண்டார், சைக்கிளை நிறுத்தவில்லை.

வைகாசி வந்தது. சமா பின்னேரம் நாலு மணிக்கு. மத்தியானமே மார்க்கண்டரும் அவரும் கீரிமலைக்குப் போய்விட்டார்கள். கேணியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போகலாம் என்பது திட்டம். கேணியின் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. குகதாசன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முழுகினார்.

எழும்ப நினைத்தபோது மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. காலைத் தேடினார், கால் எங்கே என்று தெரியவில்லை. மேலே என்று நினைத்து உன்னினார், நெற்றி கல்லில் இடித்தது. அது கேணியின் அடித்தளம். வாய்க்குள் தண்ணீர் போனது. சிறுவயதிலிருந்து முழுகிய கேணி, நெஞ்சளவு தண்ணீர். யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள்.

"உனக்கென்ன விசரே? விளையாடுற வயசே?" மார்க்கண்டர் அவரைத் தூக்கிப் படியில் இருத்தினார்.

"கால் வழுக்கிப்போட்டுது" என்றார் குகதாசன்.

மண்டபத்தில் முன்வரிசை கிடைத்தது. ரீச்சர் அந்தப் பக்கம் இருந்தார். இவரைக் கண்டும் தலையைத் திருப்பிக்கொண்டார். வரணியாரின் மகன் தகப்பனைப் போலவே தோடியைத் தொடங்கினார். சனம் அப்படியே அடங்கியது. குகதாசனுக்கு மாத்திரம் அதற்குள் இன்னொரு நாதஸ்வரம் கேட்டது. கொஞ்சம் தாழ்ந்து, ஒட்டியும் ஒட்டாமலும், நிழல் மாதிரிப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"கூட வாசிக்கிறவர் சுருதி விடுறார்" என்று மார்க்கண்டரின் பக்கம் சாய்ந்து சொன்னார்.

மார்க்கண்டர் அவரை விநோதமாகப் பார்த்தார். "ஆர்? அவர் நாயனத்தை மடியிலை வைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறார்!"

குகதாசன் மேடையைப் பார்த்தார். உண்மைதான். ஒருவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

மெல்ல இடது காதைப் பொத்தினார். நிழல் போய்விட்டது. தோடி சுத்தமாக, இரண்டரைக் கட்டையில், ரீச்சர் சொன்னபடியே நின்றது. இப்போது வலது காதைப் பொத்தினார். அன்று இயர்போனில் கேட்டது போலவே மெல்லிய, நசுங்கிய, அரைக் கட்டை இறங்கிய ஒரு ஊதல். அதற்கு மேலே ஓயாமல் தண்ணீர் ஓடுகிற சத்தம். சுற்றிலும் சனம் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த இடத்திலிருந்து எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

முடிந்ததும் ரீச்சரிடம் போனார்.

"ரீச்சர், தட்டிலை பிழை இல்லை. என்ரை காதுதான் பிழை. சொன்னதுக்கு மன்னியுங்கோ."

ஏதோ சூடாகச் சொல்ல வாயெடுத்த ரீச்சர், அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "எந்தக் காது?"

"இடது."

"நெத்தியிலை என்ன காயம்?"

குகதாசன் நெற்றியைக் கையால் மறைத்தார். மார்க்கண்டர் கேணியில் நடந்ததைச் சொன்னார். ரீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் வாறன்" என்றார்.

ஸ்கானில் தெரிந்தது. இடது காதிலிருந்து மூளைக்குப் போகிற, கேட்பதற்கும் உடம்பின் சமநிலைக்கும் உரிய நரம்பில் ஒரு கட்டி. "புற்றுநோய் இல்லை" என்று டொக்டர் முதலில் சொன்னதில் பிரசாந்தி அழுதேவிட்டாள். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். கட்டி வளர்ந்து மூளைத்தண்டை நெருக்குகிறது, எடுக்கத்தான் வேண்டும், எடுத்தால் அந்தக் காது திரும்பி வராது.

"மற்றக் காது?" என்றார் குகதாசன்.

"அதிலை இப்ப ஒண்டும் இல்லை."

"இப்ப எண்டால்?"

டொக்டர் ஸ்கான் படத்தை உறைக்குள் வைத்தார். "வருசத்துக்கொருக்கால் பாப்பம்."

கொழும்பில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் ரீச்சர் தந்த பதிவை வலது காதால் கேட்டுக்கொண்டிருந்தார். குழுவில் அறுபது பேருக்கும் பொதுவாக ஒரு மன்னிப்பை எழுதிப் போட்டார். காரணத்தை எழுதவில்லை.

சத்திரசிகிச்சை எட்டு மணித்தியாலம். ஆள் தப்பினார். இடது காது செத்துவிட்டது. வாயின் இடது ஓரம் கொஞ்சம் கோணிப்போனது. கார்த்திகையில் மெல்ல வேலைக்குத் திரும்பினார். இப்போது மிசினுக்குப் பக்கத்தில் தலையைச் சரிப்பதில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கனநேரம் நிற்கிறார். முத்துக்குமாரு தானாகவே வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார். மேளச்சமாவுக்கும் போகிறார். தவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. வலது காது மேடைக்கு நேராக வரும்படி மார்க்கண்டர் இடம் பிடித்து வைக்கிறார்.

தண்ணீர் ஓடுகிற சத்தம் மாத்திரம் நிற்கவில்லை. செத்த காதுக்குள்ளும் அது கேட்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் படுக்கையை விட்டு எழும்பியதும், தேத்தண்ணீர் குடிக்கும் முன்னமே, குகதாசன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வலது காதோடு வைத்து உரசி, சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார். ஒருதரம், இரண்டு தரம், சிலநாள் பத்துத் தரம். அதைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. குசினி வாசலில் நின்று பிரசாந்தி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவருடைய கை கீழே இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் அவரைப் பெயர் சொல்லாமல், மெதுவாக, "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவாள். அவர் திரும்பிப் பார்க்கும்வரைக்கும் அவளுக்கு மூச்சு வராது.