உசிலம்பட்டிப் பக்கம் திரும்பிய கோழிக்கூடு

ஜலாலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் எங்கள் தொழிற்சங்கத்துப் பழைய ஆட்கள் சிரித்தார்கள். அவர் எந்தப் போராட்டத்திலும் முன்னால் நின்றதில்லை. சந்தாவை ஒழுங்காகக் கட்டுவார். கூட்டத்தில் ஒழுங்காகத் தூங்குவார். நான் தொண்டை கிழியப் பேசும்போது மூன்றாவது வரிசையில் அவர் வாய் திறந்திருக்கும். இருக்கட்டும். மேடையில் நின்றவர்களைப் பற்றி எழுத வேறு ஆள் இருக்கிறது.

அவனியாபுரத்தில், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவர் தகர வேலைக்காரர். அவர் கை வைத்த பஸ் மழைக்கு ஒழுகாது. ஒழுகினால் வண்டி முதலாளி பட்டறை வாசலில் வந்து சண்டை போடுவார். ஜலாலைத் தேடி அப்படி ஒருவரும் வந்ததில்லை. மதுரையில் பெய்கிற மழைக்கு இம்புட்டு பயந்த மனுசனை நான் பார்த்ததில்லை.

எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் அவர் வீட்டுக் கொல்லையில் கீரி புகுந்தது. அவர் மனைவி சபியா குஞ்சிலிருந்து வளர்த்த கோழிகள். முருங்கை மரத்தின் தாழ்ந்த கிளையில் அடைகிறவை. ஒரே வாரத்தில் இரண்டு போய்விட்டன. சபியா அழவில்லை, கோபப்பட்டார்.

“ஊருக்கெல்லாம் பஸ் கட்டுறீக. எங்கோழிக்கு ஒரு கூடு கட்ட மாட்டீகளா? அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பாருங்க. இல்ல, அம்புட்டையும் சமயநல்லூர்ல தங்கச்சிகிட்டக் குடுத்துர்றேன். கீரி வாயில போறதுக்கு அவகிட்டயாவது உசுரோட கெடக்கட்டும்.”

சொன்னாரே தவிர, கொடுக்க மனசில்லை. தங்கச்சி அஜ்மல் பீவிக்கோ அந்தக் கோழிகள் மேல் ரொம்ப நாளாகவே கண்.

ஜலால் கட்டினார். பட்டறையில் மிஞ்சிய அலுமினியத் தகடு. வரிசை தப்பாமல் ரிவிட். உயரத்தில் சின்னச் சின்னதாய் ஜன்னல், அதற்கு ஏற்றி இறக்கும் ஷட்டர். மழை ஒழுகாமலிருக்கக் கூரை ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. கோழி உட்காரப் பழைய சீட்டுக் கம்பி. சிவப்பும் வெள்ளையுமாய்ப் பெயிண்ட். நான் போய்ப் பார்த்தேன். நம்பர் பிளேட் ஒன்றுதான் பாக்கி.

கோழிகள் உள்ளே போகவில்லை.

சபியா அரிசி தூவினார். கோழிகள் வாசல்வரை வந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு முருங்கை மரத்துக்கே திரும்பின. பிடித்து உள்ளே தள்ளினால் வாயைப் பிளந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைத்தன. திறந்ததும் பாய்ந்து வெளியே வந்தன. அப்படி ஒரு ஒற்றுமையை எங்கள் சங்கத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பட்டறையில் விஷயம் பரவிவிட்டது. மர வேலை பார்க்கும் சோணை விடவில்லை.

“என்ன பாய், புது வண்டிக்குப் பாசஞ்சரே ஏறலையாமே? ரூட்டு சரியில்லையோ?”

“ஒன் வேலையப் பாருடா.”

“சேவலக் கண்டக்டராப் போட்டுப் பாருங்க பாய். கூவிக் கூவி ஏத்திப்புடும்.”

ஜலால் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்தவரைச் சபியா கூட்டுக்கு இழுத்துப்போனார். உச்சி சாய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“தலைய உள்ள விடுங்க.”

விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். மீசை நுனியில் வேர்வை சொட்டியது.

“பஸ்ஸு ஓடும். காத்து தானா உள்ள வரும்” என்றார் சபியா. “இது எங்க ஓடுது? நிக்கிற வண்டியில கதவச் சாத்தி ஒக்கார வச்சா நீங்க ஒக்காருவீகளா?”

ஜலால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சபியாவே தொடர்ந்தார்.

“சரி, சாயங்காலம் தெற்க போற திருமங்கலம் பஸ்ஸுல ஏறுறீக. எந்தப் பக்கம் எடம் பிடிப்பீக?”

“எடது பக்கம். வலப் பக்கம் ஒக்காந்தா மேற்கு வெயிலு கொன்னுபுடும்.”

“உசிலம்பட்டி பஸ்ஸுல?”

“அது மேற்கதான போகுது? எந்தப் பக்கமும் ஒக்காரலாம். டிரைவருக்குத்தான் மூஞ்சியில வெயிலு.”

“நீங்க கட்டுனது திருமங்கலம் பஸ்ஸு. முழு விலாவையும் மேற்க காட்டி நிறுத்தியிருக்கீக. உசிலம்பட்டிக்குத் திருப்புங்க.”

ஜலால் கூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு உளியை எடுத்தார்.

மறுநாள் காலையில் சோணையும் நானும் போனோம். சோணை கேலி பண்ணத்தான் வந்தான். வந்தவனைத் தூக்க வைத்துவிட்டோம். மூன்று பேருமாய்க் கூட்டைத் திருப்பி வைத்தோம். இப்போது குறுகிய முகம் மட்டும் மேற்கே பார்த்தது. அந்தத் தகட்டை அப்படியே விட்டோம். நீளமான இரண்டு விலாவிலும், தான் அடித்த ரிவிட்டில் மிச்சம் இருந்ததை ஜலால் ஒவ்வொன்றாய் வெட்டித் தகட்டைக் கழற்றினார். கீரி நுழையாத கம்பி வலையை அங்கே கட்டினார். ரப்பர் பட்டையைப் பிய்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, பஸ்ஸில் சாமான் ஏற்றும் கேரியர் மாதிரி சட்டம் அடித்து, தென்னங்கீற்றைப் பரப்பினோம். வெயில் கீற்றோடு நின்றது. நடுவில் காற்று ஓடியது. சோணை இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு வேப்பங்கம்பு மாட்டினான்.

“சீட்டு மாத்தியாச்சு பாய். இனி டிக்கெட்டக் கூட்டிப்புடலாம்.”

சாயங்காலம், சபியா வைத்த கெடு முடிகிற நேரத்துக்குச் சரியாக அஜ்மல் பீவி வந்து இறங்கினார், கையில் இரண்டு பெரிய கூடையோடு.

“பிடிச்சு வச்சிருக்கியாக்கா?”

“கொஞ்சம் இருடி. மேற்க பொழுது எறங்கட்டும்.”

எல்லாரும் கிணற்றடியில் நின்றோம். ஜலால் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். முதலில் ஒரு கறுப்புக் கோழி போனது. வாசலில் நின்றது. யோசித்தது. உள்ளே போய்க் கம்பில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் தள்ளுமுள்ளு. சேவல் கடைசியில் எதுவும் நடக்காதது மாதிரி நடந்து போனது. சபியா கொக்கியைப் போட்டார்.

“எம்புட்டு போச்சு?” சுவரைப் பார்த்தபடியே கேட்டார் ஜலால்.

“அம்புட்டும்.”

அஜ்மல் பீவி காலிக் கூடைகளைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். சபியா கொடுத்த முட்டைகள் ஒரு கூடையின் அடியைக்கூட மறைக்கவில்லை.

“அப்ப எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டித் தாங்க மச்சான். கோழிய நான் எங்கயாவது வாங்கிக்கிர்றேன்.”

“கட்டலாம். ஒங்க கொல்லையில சாயங்கால வெயிலு எந்தப் பக்கமா விழுகுது?”

“இதென்ன கேள்வி மச்சான்? சமயநல்லூருக்குன்னு தனிச் சூரியனா விட்டிருக்கான்?”

“வந்து பாத்துட்டே சொல்றேன்” என்றார் ஜலால், சட்டையைத் தேடிக்கொண்டே.