சித்தியின் கன்னத்தில் மை

சித்தியின் முதல் திதிக்கு முந்தைய நாள், சித்தப்பா அவளுடைய ஒரே படத்தை அழித்தார். முறைப்படி அழித்தார்.

ஜாலான் புசார் வட்டாரத்தில், கடைவீட்டு மாடியில் அவர் எங்களோடு இருந்தார். குளியலறைச் சன்னலில் கறுப்புத் துணி தொங்கினால் அது படம் கழுவும் இருட்டறை. அன்று நாங்கள் குளிக்காமல் கலையை வளர்ப்போம். சித்தியின் நெகட்டிவைப் பூசணம் தின்றுவிட்டது. மிஞ்சிய அச்சும் மங்கிக்கொண்டிருந்தது. மைப்படமாக மாற்றினால் மங்காது என்றார். முதலில் மருந்துக் கரைசலில் படத்தை வெளுக்க வேண்டும். பிறகு தாளை நீரில் ஊறவைத்து, எண்ணெய் மையைத் தூரிகையால் தட்டினால், நிழல் இருந்த இடங்களில் மட்டும் மை ஒட்டி உருவம் திரும்பும்.

"இருந்த மொகத்தையும் கழுவிட்டீங்களே தம்பி," என்றாள் அம்மா. "நாளைக்கு மாலைய எதுக்குப் போடுறது?"

"வந்துருவா அண்ணி."

வரவில்லை. எத்தனை தட்டியும் தாள் வெள்ளையாகவே இருந்தது.

"கொழாத் தண்ணி சூடு லா. தாள் ரொம்ப ஊறி உப்பிருச்சு, மை ஒட்டாது," என்று என்னைக் கீழே காப்பிக்கடைக்கு ஐஸ் வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது தாளை உலர்த்திக்கொண்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்த கையால், காய்ந்ததா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு ஐஸ் நீரில் ஊறவைத்தார்.

இம்முறை மை ஒட்டியது. கூந்தல் வந்தது. பொட்டு வந்தது. கண்கள் வந்ததும் நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். வெள்ளைக்குள்ளிருந்து சித்தி எங்களைத்தான் பார்த்தாள். கடைசியாக, இடது கன்னத்தில் நான்கு கறுப்புக் கோடுகள் எழுந்தன. விரல்கள். சித்தப்பா ஈரத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க முகம் கலைந்தது, விரல்கள் நின்றன.

எண்ணெய் பட்ட இடத்தில் மை விடாது பிடிக்கும். தாளை ஓரத்தில்தான் தொட வேண்டும். அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற நான் இன்று இதை யாருக்கும் விளக்குவேன். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னைக்கும் அவ கன்னத்துல இதே எடத்துலதான் தடம் இருந்துச்சு," என்றாள். "பாத்ரூம்ல வழுக்கிருச்சுக்கான்னு சொன்னா."

சித்தப்பா தூரிகையைக் கழுவத் தொடங்கினார். மறுநாள் மாலையை விளக்குக்குப் போட்டோம்.

அதன்பின் பெரியவர்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அந்தத் தரை ஆபத்தானது என்பது மட்டும் விளங்கியது. வெகுகாலம் அந்தக் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.