வேதமாணிக்கம் மொரீஷியஸில் குடிகாரர் ஆன கதை

ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வேதமாணிக்கத்தைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. அதுவே ஒரு பெரிய குறையாக இருந்தது. ஸ்டோர்ஸ் பிரிவில் எழுத்தர். பீடி, பொடி, வெற்றிலை எதுவும் கிடையாது. சினிமாக் கொட்டகை வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார். தெற்கே சாயர்புரத்துப் பக்கத்துக்காரர்தான், ஆனால் ஊர்ப் பேச்சான ‘ஏலே’யை வந்த ரயிலிலேயே விட்டுவிட்டார். வந்த இடத்து ‘இன்னா’வையும் வாசற்படி ஏற விட்டதில்லை. மனைவி சற்குணம், காய் விற்கும் வேம்புலியம்மாளிடம் “இன்னாமே, கத்திரிக்கா சொத்தையா கீது?” என்று கேட்டது காதில் விழுந்துவிட்டால், அன்று குடும்ப ஜெபம் நாவடக்கத்தைப் பற்றியதாக இருக்கும்; பத்து நிமிஷம் கூடுதலாகவும் இருக்கும்.

அவருக்கு ஒரே ஆசை, பிரசங்கம். 1983 அறுவடைப் பண்டிகையில் ஒரு தடவை சந்தர்ப்பம் கொடுத்தார்கள். ஏலத்துக்குக் கட்டிப் போட்டிருந்த சேவல் இரண்டு முறை கூவி, களைத்து, தூங்கியும் போனது; அவர் முடிக்கவில்லை. பிறகு ஒன்பது வருஷம் யாரும் அவரைப் பீடத்தில் ஏற்றவில்லை.

1992இல் சபையிலிருந்து நால்வர் குழுவை மூன்று வார ஊழியத்துக்கு மொரீஷியஸ் அனுப்புவதாக முடிவானது. தலைவர் லாசரஸ், வங்கி அதிகாரி, கிதார் வாசிப்பார். இன்னும் இருவர் பாடகர்கள். “அங்கே தமிழர்கள் ஏராளம். சுத்தமான தமிழில் பேச ஒருவர் வேண்டும்” என்றார் கமிட்டிச் செயலாளர். எல்லோரும் ஒரே மனதாக வேதமாணிக்கத்தின் பெயரைச் சொன்னார்கள். சபை வரலாற்றில் அப்படி ஒருமனப்பட்டது அதுவே முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசங்கம் கேட்டு நச்சரிக்க ஆளில்லாமல் மூன்று ஞாயிறு நிம்மதி என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது அவருக்குக் கேட்கவில்லை.

அரசாங்க உத்தியோகம் என்பதால் வெளிநாடு போக மேலிடத்து அனுமதிக்கே ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் பிரசங்கம் எழுதினார். சற்குணம் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள்.

மொரீஷியஸில் கடைப் பலகைகளைப் படித்ததும் அவர் பூரித்துப் போனார். வீராசாமி, முருகையன், சின்னப்பன்! ஒரு சின்னப்பனிடம் ஓடிப் போய், “ஐயா, வணக்கம். நலமாக இருக்கிறீர்களா?” என்றார். சின்னப்பன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அதில் தமிழ் ஓரெழுத்துகூட இல்லை. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பம். பெயர் மட்டும் தங்கியிருந்தது. அங்கே வீட்டுப் பேச்சு, பிரெஞ்சு கலந்த கிரியோல்.

குழு ஆளுக்கொரு பக்கம் பிரிந்தது. வேதமாணிக்கத்துக்கு ஒரு மீனவக் கிராமம். மொழிபெயர்க்க மரிலீன் என்ற நர்ஸ் அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். இளமையில் மதராசுக்கு வந்து மூன்று வருஷம் நர்சிங் படித்தவள். தமிழை வார்டு ஆயாக்களிடம் கற்றுக்கொண்டவள்.

“வா நைனா! பிளேன்லாம் சோக்கா இருந்திச்சா? இன்னா, மூஞ்சி வாடிப் போய்க் கீது?”

எந்தப் பேச்சுக்குப் பயந்து இருபது வருஷம் ஜன்னலைச் சாத்தி வைத்தாரோ, அது கடல் தாண்டிக் காத்திருந்தது.

முதல் மாலை, சிறிய தகரக் கூரை ஆலயத்தில் அவர் பேசினார். பரிசுத்தம், பரிகாரம், பிராயச்சித்தம் என்று வார்த்தைகள் தேர் போல அசைந்து வந்தன. உச்சத்தில் மார்பில் அறைந்துகொண்டு, “நானே மகா பாவி! தகப்பனின் ஆஸ்தியை அழித்த துரோகி நானே! வெறிகொண்ட குடியன் நானே!” என்று முழங்கினார். பிரசங்கிகள் வழக்கமாகச் சொல்வதுதான். பரம தகப்பனை மனதில் வைத்துச் சொன்னது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மரிலீன் ஐந்தே நிமிஷம் பேசினாள். கூட்டம் ஒரு தரம் சிரித்தது. பிறகு பல பெண்கள் முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் விம்மி அழுதார். நாற்பத்திரண்டு பேர் மனந்திரும்ப முன்வந்து கை தூக்கினார்கள். வேதமாணிக்கம் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆவடி கமிட்டியை மனதுக்குள் ஒவ்வொருவராக மன்னித்தார்.

மறுநாள் முதல் அவரை வீடு வீடாக அழைத்தார்கள். அவர் நுழையும்போதே வீட்டுக்காரர் மேஜையிலிருந்த ரம் பாட்டிலை எடுத்து ஒளித்துவிடுவார். மசால்வடை மாதிரி ஒரு வடையும் இரண்டு தம்ளர் எலுமிச்சைச் சாறும் வைப்பார்கள். நம் பரிசுத்தத்துக்கு எவ்வளவு மரியாதை என்று அவர் நெகிழ்ந்தார்.

ஐந்தாம் நாள், முதல் மாலை அழுத கிழவர் பெரிய மீனொன்றைக் கொண்டுவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

“உங்கப்பாரு உன்னத் திரும்ப ஊட்ல சேத்துக்கினாரான்னு கேக்கறாரு” என்றாள் மரிலீன்.

“ஏன் சேர்க்காமல் போக வேண்டும்?”

“நீதான சொன்ன, குடிச்சி அவரு சொத்தல்லாம் அழிச்சிட்டேன்னு?”

வேதமாணிக்கம் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “அம்மா, அது உருவகம்! மற்றதையெல்லாம் நீங்கள் என்னவென்று மொழிபெயர்த்தீர்கள்?”

“நீ பேசுறது எனுக்கு எங்க பிரிஞ்சிச்சி? தகப்பன், துரோகி, குடியன், அவ்ளோதான் பிரிஞ்சிச்சி. மாருல அட்ச்சிக்கினு அழுத. மீதிய நான் சொன்னேன். வார்டுல எத்தினி குடிகாரனப் பாத்துகீறேன்! ஒருத்தன் பொண்டாட்டி தாலிய வித்தான். ஒருத்தன் சாக்கடைல உய்ந்து கெடந்தான்.”

“எல்லாம் நான் செய்ததாகவா?”

“ஆமா. நல்லாத்தான இருந்திச்சி?”

அன்று மாலை உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தார். சுத்தத் தமிழில் சொன்னால் இன்னொரு தாலி போய்விடும். வேறு வழியில்லை. பீடத்தில் நின்று, தொண்டையைச் செருமி, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பேச்சில் சொன்னார்: “நா குடிச்சதே இல்லம்மா. எங்கப்பாகிட்ட சொத்தும் இல்ல. என் பொண்டாட்டி தாலி அவ கய்த்துலயே கீது.”

மரிலீன் அதை அட்சரம் பிசகாமல் சொன்னாள். பிறகு கிழவர் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

“இன்னா சொல்கிறார்?” என்று பதறிக் கேட்டார் வேதமாணிக்கம். மொழி கலந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

“வெக்கப்படாத, நாங்கூட ரொம்ப நாளு ஒத்துக்கல, அப்டீன்றாரு.”

அந்தக் கிழவர் அதற்குப் பின் ரம்மைத் தொடவில்லை. எட்டு வருஷமாகப் பேசாதிருந்த மகன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அதை நேரில் பார்த்தபின் மறுபடி மறுக்க வேதமாணிக்கத்துக்கு நா எழவில்லை.

ஆவடி திரும்புவதற்குள், கிராமத்தார் சொன்னதைக் கேட்டு லாசரஸ் தபாலில் அனுப்பிய அறிக்கை சபைப் பத்திரிகையில் அச்சாகியிருந்தது. ‘ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாயிருந்த நம் சகோதரர் வேதமாணிக்கம்…’ ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று, அது பொய் என்று விளக்கினார். எத்தனை தாழ்மை என்று சபை உருகியது. “நான்கூட அவரை ரொம்பச் சுத்தக்காரர்னு நினைச்சு ஒதுங்கியே இருந்துட்டேன்” என்றார் செயலாளர். அம்பத்தூரிலிருந்தும் கொரட்டூரிலிருந்தும் பிரசங்கத்துக்கு அழைப்பு வந்தது.

சற்குணத்தைத்தான் பாவம், குழாயடியில் பிடித்துக்கொண்டார்கள். எப்படித்தான் பொறுத்தாய் என்று கைகளைப் பற்றினார்கள்.

“என் வீட்டுக்காரர் சோடாகூடக் குடிக்க மாட்டாருக்கா!” என்று ஒரு மாதம் வாதாடினாள். பிறகு அலுத்துப்போய், “என்னத்தச் செய்ய, பொறுத்தேன்” என்று சொல்லிப் பார்த்தாள். வரிசையில் முதலில் தண்ணீர் பிடிக்க விட்டார்கள். அதன்பின் அவளும் வாதாடுவதை விட்டாள்.

குடிகாரர்களின் மனைவிமார் புருஷன்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவன் லேத் ஓட்டும் லோகநாதன்.

“நீ எப்டி உட்ட அண்ணாத்தே?”

“நா குடிச்சதே இல்லப்பா.”

லோகநாதன் சிரித்தான். “நானும் மேஸ்திரிகிட்ட அப்டித்தான் சொல்வேன்.”

குடியைப் பற்றி வேதமாணிக்கத்துக்கு என்ன தெரியும்? அதனால் சும்மா உட்கார்ந்திருந்தார். லோகநாதன் இரண்டு மணி நேரம் பேசினான். செத்துப்போன பிள்ளையைப் பற்றி, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகப் பயமாக இருப்பதைப் பற்றி. தன் ஆயுளில் ஒரு மனிதனை இடைமறிக்காமல் அவர் கேட்டது அன்றுதான். போகும்போது, “உன்னாட்டம் பேசுறவன் கெடையாது அண்ணாத்தே” என்றான் லோகநாதன்.

ஏழு மாதம் நிறுத்தியிருந்தான். அப்புறம் ஒரு தீபாவளிக்கு விழுந்தான்; வெட்கத்தோடு திரும்பி வந்தான். வேதமாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, “குந்துப்பா” என்றார். உள்ளே சற்குணம் கேட்காமலே இரண்டு பேருக்கும் காபித்தண்ணி வைத்தாள்.