மணல் விற்க வந்தவன்

நேற்று வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து இருக்கைக்காரரின் செல்லிலிருந்து ஆட்டுச் சத்தம் ஒன்று கேட்டது. நிஜ ஆடு இல்லை. தகர டப்பாவுக்குள் ஆட்டை அடைத்துவைத்தால் கத்துமே, அந்த மாதிரி. எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, நான் ஒரு காலத்தில் ஆடின விளையாட்டில் வரும் அந்த வியாபாரி வந்துவிட்டான் என்று. அந்தக் குளுகுளு பெட்டிக்குள் எல்லோரும் சென்ட் வாசனையோடு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் பழைய ஹெட்போன் பஞ்சின் நாற்றம் வந்தது. தாங்காமல் தண்டையார்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். இறங்கின பிறகு, திருவொற்றியூர் வரைக்கும் எடுத்த டிக்கெட் வீணாயிற்றே என்று ஒரு கவலை. நான் அப்படித்தான். கவலைப்பட ஒன்றும் இல்லையென்றால், எதையோ மறந்துவிட்டோம் என்று கவலைப்படுகிற ஆள்.

அந்த ஹெட்போன் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பாய் ஒருவர் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ஜன்னல் கிடையாது. சமோசா எண்ணெய், ஈர சாக்ஸ், யாரோ ஒருவருடைய தலைக்குத் தடவின எண்ணெய் எல்லாம் அந்த ஹெட்போன் பஞ்சில் ஊறிக் கிடக்கும். காதில் வைத்தால் வழவழவென்று ஒட்டும். அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தால் காதைக் கழுவத் தோன்றுகிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் தகடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். அங்கே பழக்கமானவன்தான் தேசிங்கு. எம்.கே.பி. நகர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. என்னைவிட ஒரு வயசு பெரியவன். அவனுக்குப் பயம் என்பதே கிடையாது. அவன் பங்குக்கும் சேர்த்து நானே பயந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் லீவு. காலையிலேயே பாய் கடையில் மூணாம் நம்பர், நாலாம் நம்பர் மெஷினில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே விளையாட்டை ஆடுவோம்.

விளையாட்டு என்றால் சுட்டுத் தள்ளுகிற ஜாதி இல்லை. ஒன்றுமில்லாத காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மரம் வெட்டணும், மண் தோண்டணும், வீடு கட்டணும், பொழுது சாய்ந்தால் வருகிற பூதங்களிடமிருந்து தப்பிக்கணும். வாரம் ஆறு நாள் இரும்பு தூக்கிவிட்டு ஏழாம் நாள் காசு கொடுத்துக் கல் தூக்கப் போனோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அது எங்கள் இடம். மூணாம் நம்பர் மெஷினுக்குள் இருந்தது. யாராவது திறந்தால்தான் அங்கே பொழுது நகரும்; மூடினால் அப்படியே நின்றுவிடும்.

அந்தக் காட்டுக்கு நினைத்த நேரத்தில் ஒரு வியாபாரி வருவான். நீளமான அங்கி, கயிற்றில் பிடித்த இரண்டு ஆடு. பேசமாட்டான், மூக்கால் ஒரு முனகல் மட்டும். நாம் தோண்டி வைத்த பச்சைக் கல்லைக் கொடுத்தால் ஏதாவது தருவான். என்ன தருவான் என்கிறீர்கள்? மணல். வாளித் தண்ணீரில் ஒரு மீன். எங்கேயும் கிடைக்கிற செடி.

முதல் தடவை அவன் வந்தபோது நான் மணல் வாங்கினேன். அதற்குக் காரணம் என் அம்மா. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாய்ச் சுற்றி விற்றவள். முதல் போணி அவளுக்குச் சாமி மாதிரி. முதலில் விலை கேட்டவர் வாங்காமல் போய்விட்டால் அன்றைக்குப் பூராவும் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்புவாள். சாயந்திரம் கூடையில் மிஞ்சினது அழுகிப்போய் வந்தால், அந்த நாற்றத்தோடு அந்த ஆளின் முகத்தையும் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். அதனால் எந்த வியாபாரியையும் வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வராது. பஸ்ஸில் சீப்பு விற்கிறவன் மடியில் ஒன்றை வைத்துவிட்டுப் போனால்கூட வாங்கிவிடுவேன். விளையாட்டில் வருகிற பொம்மைக்கு ஏது போணி என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் பயம்.

"இன்னாடா வாங்கின?" என்றான் தேசிங்கு.

"மணலு."

"காசிமேட்டுல பொறந்துட்டு மணலப் போயி வாங்கிகினு வந்துகீறியே மாமு" என்று அவன் சிரித்த சிரிப்பில் பாய் எழுந்து வந்து பார்த்தார்.

அடுத்த தடவை வியாபாரி வந்தபோது தேசிங்கு அவனை வெட்டினான். ஆடு மேய்க்கக் கயிறு வேண்டுமாம். வியாபாரி கயிறு விற்க மாட்டான், செத்தால் கயிறு கீழே விழும். "வாங்க முடியாதத வேற எப்டிடா எடுக்குறது?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினான். வியாபாரி திருப்பி அடிக்கவில்லை. முனகிக்கொண்டே பின்னால் போனான். ஆடுகள் கத்தின. அந்த வழவழப்பான பஞ்சு வழியாக அது என் காதுக்குள் வந்தபோது, சாப்பிட்ட சமோசா தொண்டைக்கு ஏறியது. வெளியே போய்ச் சாக்கடை ஓரம் துப்பிவிட்டு வந்தேன். வந்து என்ன செய்தேன் என்றால், அந்தக் கயிற்றை அவனிடம் வாங்கி, அந்தக் காட்டில் நான் வளர்த்த ஆட்டைக் கட்டினேன். அதுதான் இப்போது இன்னும் குமட்டுகிறது.

அதற்கப்புறம் தேசிங்கிடம் சத்தியம் வாங்கினேன், இனி அந்த ஆள்மேல் கை வைக்கக் கூடாதென்று. தலையில் அடித்துக்கொண்டே சத்தியம் செய்தான். எனக்குத்தான் நம்பிக்கை போதவில்லை. வியாபாரி செத்தாலும் மறுபடி வருகிறவன். அடுத்து வந்ததும், போணி செய்துவிட்டு, அவனைச் சுற்றிக் கல்லில் ஓர் அறை கட்டிக் கதவும் போட்டேன். ஆளும் ஆடும் பத்திரமாய் உள்ளே. அந்த வாரம் முழுக்கத் தகடு தூக்கும்போது அந்த அறை ஞாபகம்தான்.

ஞாயிறு நான் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தேசிங்கு வந்து விளையாட்டைத் திறந்திருந்தான். போய்ப் பார்த்தால் கதவு மூடினபடி இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. ஆடும் இல்லை. இவனைத் தவிர யார்?

"நான் தொடலடா. சொரங்கத்துல கீறேன், பாரு."

நம்பவில்லை. நம்பாததோடு விட்டிருக்கலாம். அவன் அப்பா ஆடுதொட்டியில் ஆடு அறுக்கிற வேலை செய்தார். நான் சொன்னேன்: "ஆடுதொட்டிக் கை தானே, சும்மா இருக்குமா?"

பாய் கடை முழுக்கக் கேட்டது. தேசிங்கு ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தான்.

"எங்க நைனா அறுக்குறதத்தான் நீ எங்க வூட்ல குந்திகினு துன்ன."

அவ்வளவுதான். போய்விட்டான். அவன் சொன்னது நிஜம். அவன் அம்மா கையால் ஈரல் வறுவல் எத்தனை தடவை வாங்கி வாங்கித் தின்றிருக்கிறேன். மீன் செதிலும் குடலும் நாறுகிற வீட்டில் பிறந்த வாய், அந்த வார்த்தையை எங்கிருந்து பொறுக்கியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மறு வாரத்திலிருந்து அவன் வேறு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். எதிரில் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் நடப்பான்.

ஒரு மாசம் கழித்து நான் தனியாகப் போய் விளையாட்டைத் திறந்தேன். வியாபாரி வந்தான். மறுபடி அறை கட்டினேன். இந்தத் தடவை வேறு எந்த வேலையும் செய்யாமல் கதவுக்கு எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். கண் எதிரில், யாரும் தொடாமல், கதவு திறக்காமல், வியாபாரி இல்லாமல் போனான். ஆடுகளும் போயின. அவன் சுபாவமே அதுதான். கொஞ்ச நேரம் இருப்பான், தானாகக் காணாமல் போவான்.

எம்.கே.பி. நகருக்குப் போனேன். படிக்கட்டுக் கீழே வரைக்கும் போனேன். மேலே ஏற முகம் இல்லை. திரும்பி வந்து, விளையாட்டுக்குள் தேசிங்கு கட்டின வீட்டு வாசலில் ஒரு பலகை நட்டேன். அதில் தமிழ் விழாது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினேன்: நீ தொடல. நான் சொன்னது கலீஜ் பேச்சு. மன்னிச்சுடு. எழுதிவிட்டு ஞாயிறு ஞாயிறாய்ப் போய், அவன் வந்தானா என்று பாயைக் கேட்பேன். எத்தனை பேரைக் கவனிக்கிறது என்பார்.

பிறகு எல்லோர் கையிலும் செல் வந்துவிட்டது. பாய் கடையை மூடினார். இப்போது அங்கே கூரியர் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேசிங்கு இருந்த குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொல்கிறார்கள். யாரோ கொடுத்த அவன் நம்பரும் உபயோகத்தில் இல்லை.

போன வருஷம் பாயைத் தெருவில் பார்த்தேன். கடைசியில் தேசிங்கு வந்தானா பாய் என்றேன். யோசித்தார். மெஷின்களை எடைக்குப் போடுவதற்கு முந்தின நாள் ஒரு பையன் வந்து, ஒரே ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தானாம். தேசிங்கு மாதிரிதான் இருந்ததாம்.

"மூணாம் நம்பர் மெஷின்லயா பாய்?"

"அது யாரு பாத்தா நைனா?" என்றார்.