ராடு ஒட்டாத மிஷின்

எனக்குக் கரண்ட் என்றால் பயம். முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டிங் வேலை பார்த்தும் அது போகவில்லை. போகாததால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

குத்துக்கல்வலசையில் புதுசாகப் பட்டறை போட்ட மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். கரண்டும் ஆர்கான் கேஸும் சேர்ந்து ஓடும் டிக் வெல்டிங் மிஷின் வாங்கணும், எது வாங்கலாம் என்று கேட்டார்கள். கையில் நாலு கம்பெனி மிஷின் படம் வைத்திருந்தார்கள். டிக் மிஷினில் நான் வேலை செய்தது கடைசிக் காலத்தில் கொஞ்ச நாள்தான். ஆனால் ஒரு மிஷினைத் தேர்ந்தெடுத்து, அதனால் ஒரு ஆளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். அதைத்தான் எழுதுகிறேன்.

1. கார்பைட் டப்பா

அறுபதுகளில் மேலகரம் ரோட்டில் முத்தையா அண்ணாச்சி பட்டறை. லாரி, பஸ் ரிப்பேர். செங்கோட்டைப் பக்கமிருந்து மரம் ஏற்றி வரும் லாரிகள்தான் அதிகம். நானும் கடையநல்லூர் மீரானும் வெல்டர்கள். அப்போது எல்லாம் கேஸ் வெல்டிங். ஒரு இரும்பு டப்பாவில் கார்பைட் கல்லைப் போட்டுத் தண்ணீர் சொட்ட விடுவோம். அதில் கிளம்பும் கேஸ் டியூப் வழியாகக் கையில் பிடிக்கும் டார்ச்சுக்கு வந்து எரியும்.

ஒருநாள் காலை மீரான் டார்ச் பிடித்திருந்தான். டப் என்று ஒரு சத்தம். தீ பின்பக்கமாக டியூபுக்குள் போய்விட்டது. அடுத்த சத்தம் டப்பாவில். மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. புகை அடங்கியதும் பார்த்தேன். மீரானுக்கு இரண்டு புருவமும் இல்லை.

"வே, மூஞ்சி இருக்கா பாரும்" என்றான்.

"இருக்கு."

"பழைய மூஞ்சிதானா?"

"அதேதான்."

"அப்பம் லாபம் ஒண்ணுமில்லை."

சிரித்தான். ஆனால் அன்று முழுக்க டார்ச்சைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

அண்ணாச்சி கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "போதும்லே. கரண்ட் மிஷின் வாங்கிருவோம். நீ மதுரைக்குப் போயி பாத்துட்டு வா. பிடிக்கப் போறது நீ. நீ எதைச் சொல்லுதியோ அதுதான்."

திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் பதினைந்து நாள் கரண்ட் வெல்டிங் பழகியிருந்தேன். அதைப் பெரிய படிப்பு என்று அவர் நினைத்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

2. இரண்டு மிஷின்

மதுரைக் கடையில் இரண்டு மிஷின் இருந்தது. இரண்டும் எண்ணெய் ஊற்றிய ட்ரான்ஸ்பார்மர். கடைக்காரர் வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார். பின்னால் வேறு பட்டறை ஆட்கள் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் மிஷினில் வெல்டிங் குச்சியான ராடை ஹோல்டரில் சொருகித் தகட்டில் தொட்டேன். ஒட்டிக்கொண்டது. ஆட்டி எடுத்தேன். மறுபடி தொட்டேன். மறுபடி ஒட்டியது. பின்னால் ஒருத்தர், "அண்ணே தகட்டுக்கு ஆணி அடிக்கிறாரு" என்றார். சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

கடைக்காரர் என்னை அடுத்த மிஷினுக்கு அழைத்துப் போனார். "இதுல பாருங்கண்ணே." தொட்டேன். தொட்டதும் ராடு நுனியில் தீப் பிடித்தது. பழைய ராடு, பதம் போன ராடு எதைக் கொடுத்தாலும் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"வேலை செய்யாம ஹோல்டர் சும்மா தொங்குது பாருங்க, அப்ப அதுல நிக்கிற வோல்ட்டுதான் வித்தியாசம். அதுல எழுபது. இதுல நூறு. அதான் டக்குனு பிடிக்குது. ஈரம் மட்டும் ஆகாதுண்ணே. ஈரத்துல நிக்கிற ஆளுக்கு நூறு பெருசு."

ஈரம் ஆகாது. மிஷின் போகிற ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர். ஆனி ஆடியில் வரும் சாரல், மழை மாதிரி விழாது. காற்றோடு பட்டறைக்குள் வந்து தரையை ஈரமாக்கிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் மழையே இருக்காது.

எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டாவது மிஷினைக் கை காட்டினேன்.

ஊருக்கு வந்ததும் அண்ணாச்சி கேட்டார். "நல்ல மிஷினாலே?"

"ராடு ஒட்டாது அண்ணாச்சி" என்றேன். கடைக்காரர் சொன்ன மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் அதை எடுத்தாய் என்று கேட்பார். மிஷின் லாரியில் வந்து சேரும்வரை தினமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லவில்லை.

3. பூஜை

மிஷின் வந்த அன்று நல்ல சாரல். அண்ணாச்சி நாள் பார்த்திருந்ததால் தள்ளிப்போட மாட்டேன் என்றார். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். செவ்வந்தி மாலை இரண்டு. ஒன்று மிஷினுக்கு, இன்னொன்று சுவரில் இருந்த மெயின் சுவிட்சுக்கு. அதன் கைப்பிடியைச் சுற்றிக் கட்டினார்கள்.

சாமி காரியம். எல்லோரும் செருப்பைக் கழற்றி ரோட்டோரம் விட்டிருந்தோம்.

அண்ணாச்சி மிஷினுக்கு முன்னால் தரையில் அடித்துத் தேங்காய் உடைத்தார். தண்ணீர் அவர் கையிலும் காலிலும் தெறித்தது. சூடம் காட்டினார். மெயினைப் போடச் சொன்னார். மிஷின் உர்ர் என்று இரைய ஆரம்பித்தது.

"முதல் தீ நான்தான் போடுவேன்" என்றார். நான் கையுறையை நீட்டினேன். "சாமி காரியத்துக்குத் தோல் உறையாலே?" என்று தள்ளிவிட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "அண்ணாச்சி, தரை ஈரமா இருக்கு" என்று மட்டும் வந்தது.

"சாரல்ல ஈரமா இல்லாம கருவாடா காயும்?" என்றார்.

வலது கையில் ஹோல்டரைப் பிடித்தார். இடது கையால் ராடை எடுத்து அதில் சொருகினார். அப்படியே நின்றார்.

அண்ணாச்சி விளையாட்டுக்காரர். காலுக்குப் பக்கத்தில் ஸ்பானர் விழுந்தால் கால் போச்சே என்று கூப்பாடு போடுவார். அதனால் மீரான் சிரித்தான். "அண்ணாச்சி ஆட்டத்தை ஆரம்பிச்சிட்டாவ."

அண்ணாச்சி கத்தவில்லை. பல் மட்டும் தெரிந்தது. ராடைப் பிடித்த கை இறுகிக்கொண்டே போனது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. கண் என்னைப் பார்த்தது.

நான் சுவிட்சுப் பக்கம் ஓடினேன். கைப்பிடி முழுக்க நனைந்த மாலை. இரும்புப் பெட்டி. என் காலும் வெறுங்கால். ஒரு மூச்சு நின்றேன். தொட்டால் நானும் போவேன் என்று தோன்றியது. அந்த ஒரு மூச்சு நேரம் நான் அண்ணாச்சியை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன். அது உண்மை.

பிறகு மாலையோடு சேர்த்து இழுத்தேன். இரைச்சல் நின்றது. அண்ணாச்சி மூட்டை மாதிரி விழுந்தார்.

4. ஆஸ்பத்திரி

தென்காசி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இடது உள்ளங்கையில் ராடு பிடித்த இடம் குழியாக வெந்திருந்தது. இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

மூன்றாம் நாள் நான் போனேன். மீரான் வெளியே பெஞ்சில் இருந்தான். உள்ளே நாங்கள் இருவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நூறு வோல்ட், எழுபது வோல்ட், ஈரம் ஆகாது என்று கடைக்காரர் சொன்னது, பின்னால் நின்றவர்கள் சிரித்தது.

அண்ணாச்சி கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராடு ஒட்டுனா என்னலே? தட்டுனா வந்துரும். நான்லா ஒட்டிக்கிட்டேன்."

கையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நாலு பேரு சிரிச்சதுக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"போயி அந்த எழுபதை வாங்கிட்டு வா." அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5. செருப்பு

மிஷினைத் திருப்பி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அதே கடைக்காரரிடம் எழுபதைக் கேட்டேன். "இதுல ராடு ஒட்டுமேண்ணே" என்றார். ஒட்டட்டும் என்றேன். அவர் முன்னாலேயே நாலு தடவை ஒட்டியது. ஐந்தாவது தடவை பிடித்தது. நான் அவசரப்படவில்லை.

இரண்டாவது பூஜைக்கும் நல்ல சாரல். அண்ணாச்சி மிஷினுக்கு முன்னால் பலகை அடிக்கச் சொல்லியிருந்தார். தேங்காயை ரோட்டில் போய் உடைத்தார். சுவிட்சுக்கு மாலை கிடையாது. நாங்கள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினோம்.

"மாட்டுங்கலே" என்றார்.

"சாமி கும்பிடுத நேரத்துல செருப்பா அண்ணாச்சி?" என்று மீரான் கேட்டான்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ செருப்பை மாட்டு."

செருப்புக் காலோடு சாமி கும்பிட்டோம். கும்பிடும்போது அண்ணாச்சிக்கு இரண்டு கையும் சேரவில்லை. இரண்டு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கையுறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "முதல் தீ நீ போடு."

போட மாட்டேன் என்று சொல்ல முடியாது. காய்ந்த பலகையில் ஏறி நின்றேன். ராடு மூன்று தடவை ஒட்டியது. யாரும் சிரிக்கவில்லை. நாலாவது தடவை தீப் பிடித்தது. முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்குக் கண் நிறைந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

அந்த மிஷினோடு அங்கே பதினோரு வருஷம் வேலை செய்தேன். ஒவ்வொரு ராடு மாற்றும்போதும் கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பேன். மீரான் கேலி செய்வான், "காலு அங்கனதான் இருக்குவே" என்று. அவனும் பார்ப்பான்.

குத்துக்கல்வலசை ஆட்களுக்கு வருகிறேன். படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பட்டறையைக் காட்டுங்கள் என்றேன். போனேன். இடம் நல்ல இடம். ஆர்கான் சிலிண்டர் வைக்க மூலை ஒதுக்கியிருந்தார்கள். எத்தனை ஆம்ஸ் கரண்ட், அலுமினியத்தை வெல்ட் பண்ணுமா, தொடாமலே தீப் பிடிக்குமா என்று மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள். எது சட்டென்று பிடிக்குமோ அதை வாங்கத்தான் அவர்களுக்கும் ஆசை.

வாசலில் ஜோடி ஜோடியாகச் செருப்பு கிடந்தது. தரை பளபளவென்று இருந்தது. சாரல்.

"மிஷின் அப்புறம் பாக்கலாம்" என்றேன். "முதல்ல செருப்பைப் போடுங்கலே."