அண்ணன் மாற்றிச் சொன்ன கதை

கோத்தன்பர்க்கில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சத்தம் போடக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் போடுவதில்லை. அதனால்தான் என் வீட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கீழ்வீட்டு ஊல்லா படியேறி வந்து கதவைத் தட்டினார். வயதானவர், தனியாக இருப்பவர். “அண்ணனோடு விளையாடுகிறேன்” என்று என் அரைகுறை சுவீடிஷில் சொன்னேன். அண்ணனோடு முன்பு விளையாடியது என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சோபா காலியாக இருந்தது. மறுநாள் படிக்கட்டில் நிறுத்தி, “அண்ணன் ஊருக்குப் போய்விட்டாரா?” என்று கேட்டார். அவன் என்னிடம் பேசியே இரண்டு வருடமாகிறது என்றேன். “சிண்ட்” என்றார். சர்ச்சில் அந்தச் சொல்லுக்குச் செய்த பாவம் என்று பொருள், தெருவில் ‘ஐயோ பாவம்’ என்று பொருள். நம் சொல்லும் அப்படித்தானே. எந்தப் பாவம் என்று நான் கேட்கவில்லை.

பழைய கம்ப்யூட்டர் போர் விளையாட்டுகள் சிலவற்றைப் புதுப்பித்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். அன்று நான் ஆடிக்கொண்டிருந்தது அதைத்தான். வெறுமனே சுடுவது அல்ல, சுட்டுக்கொண்டே ஒரு கதைக்குள் போகும் விளையாட்டுகள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் பெஞ்சமின் அண்ணனும் வளர்ந்ததே அவற்றோடுதான். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டம். இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அதனால் மவுஸ் அவனிடம், கீபோர்டு என்னிடம். அவன் குறி பார்ப்பான், நான் நடப்பேன். பையன் என்பதால் அவனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள், என்னைத் தமிழ் மீடியத்தில். திரையில் வீரர்கள் பேசுவதை அவன்தான் எனக்குச் சொல்வான். தண்ணீர் ஏறும் ஒரு சுரங்கப்பாதையில், காலில் அடிபட்ட வயர்லெஸ்காரன் சுவரில் சாய்ந்து கிடப்பான். கேப்டன் ஏதோ சொல்வார், அவனும் ஏதோ சொல்வான். “‘நீங்க முன்னாடி போங்க, பின்னாடி ஆம்புலன்ஸ் வருது, நான் ஏறிக்கிறேன்’ங்கிறான், நீ நட” என்பான் அண்ணன். நான் நடப்பேன்.

புதுப்பித்த ஆட்டத்தில் முகங்கள் தெளிவாகிவிட்டன. எனக்கு இங்கிலீஷும் வந்துவிட்டது. கேப்டன் சொல்வது இதுதான்: இவனைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் பிழைக்க மாட்டோம், விட்டுவிட்டு வாருங்கள். வயர்லெஸ்காரன் கெஞ்சுகிறான். அம்மாவைக் கூப்பிடுகிறான். ஆம்புலன்ஸ் என்ற சொல்லே அங்கே இல்லை. ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் அம்மா இறந்தபோது, அடக்கம் முடிந்த பிறகுதான் அவன் எனக்கு போன் செய்தான். “கடைசியா உன்னையத்தான் கேட்டாங்க” என்றான். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பனிக்காலங்களைத் தாண்டியிருந்தேன். அதையும் மாற்றிச் சொன்னானா?

லீவு கிடைத்ததும் லேப்டாப்போடு ஸ்ரீரங்கம் போனேன். அண்ணி கதவைத் திறந்து, “வாங்க” என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. திரையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நாங்கள் ஆடினோம். ஒரு காலைப்பொழுது முழுக்க அவன் சுட்டான், நான் நடந்தேன். சுரங்கப்பாதை வந்ததும் என் விரல் நின்றது.

“ஏன் மாத்திச் சொன்னே அண்ணே?”

“நீ அழுவ. அழுதா அம்மா என்னையத்தான் அடிப்பாங்க.”

“அம்மா விஷயத்த ஏன் லேட்டா சொன்னே?”

“முன்னாடி சொன்னா வந்திருப்பியா? உன் விசா ரினியூவல்ல கிடந்துச்சு. வெளிய போனா திரும்ப விடமாட்டாங்கன்னு நீதான சொன்ன.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன். “நான் அம்மாவப் பாத்துக்கிட்டேன். நீ அம்மாவப் பாத்த, வீடியோல.”

அண்ணி அடுப்படியிலிருந்து, “போதும் விடுங்க” என்றார்.

“கடைசியா என்னையக் கேட்டாங்கன்னு சொன்னியே, அது?”

அவன் மவுஸை மெதுவாக மேசையில் வைத்தான். “இல்ல. உன் பேரையே சொல்லல. அந்த வாரம் பூரா சொல்லல.” பிறகு என்னைப் பார்த்தான். “இதையாவது மாத்தாம சொல்லணும்ல?”

அது உண்மையா, என்னை வதைக்க அப்போதே கட்டிய பொய்யா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டையும் அவன் ஒரே குரலில் சொல்லக்கூடியவன். காபி வைத்தார்கள், குடித்தேன். “போயிட்டு வரேன்” என்றேன். “ம்” என்றான்.

ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து, பொன்மலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். காவல்காரர் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். “யாரைத் தேடுறீங்கம்மா?” அம்மா பெயரைச் சொன்னேன். “அந்த பெஞ்சமின் சார் அம்மாவா? மாசாமாசம் வந்துருவாரு. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” பதில் சொல்வதற்குள் கல்லைக் காட்டிவிட்டு வாளியோடு நகர்ந்துவிட்டார். கறுப்புக் கல். அம்மாவின் பெயருக்குக் கீழே, ‘மறவாத’ என்று போட்டு, மகன், மருமகள், பேரன் பெயர்கள். கடைசி வரியில் நான். மற்ற எல்லாரும் வெறும் பெயராக இருந்தார்கள். என் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு கமா வெட்டி, ‘சுவீடன்’ என்று பொறித்திருந்தது.